மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

லேப்: ...மிஷின் குழாயை விடுங்கண்ணே. குழாய்ல ஒண்ணுமில்ல.

குன்று: இல்ல மேடம், இப்பவே சொல்லிடறேன். பழசைக் கழட்டினது நான்தான். கையுறை போட்டுக்கிட்டுதான் புதுசை மாட்டினேன். வெறுங்கை படவே இல்ல. நாளைக்கு என் மேல பழி வரக்கூடாது பாருங்க.

லேப்: இப்போ யாரு உங்க மேல பழி போட்டா?

குன்று: லேப்லேருந்து போன் வந்தாலே பழிதானே. நல்லாருக்கீங்களான்னு கேக்கவா குன்று உச்சி வரைக்கும் இந்த லைனை இழுத்து வச்சிருக்காங்க?

லேப்: ...

குன்று: மேடம்? இருக்கீங்களா?

லேப்: இருக்கேன். நல்லாருக்கீங்களா?

குன்று: அட போங்க! கேட்டு வாங்கினா அதுக்கு ஒரு மதிப்பு உண்டா? மிஷின் நல்லாருக்கு.

லேப்: நான் மிஷினைக் கேக்கல.

குன்று: இங்க மிஷினும் நானும் ரெண்டு பேருதான். அது நல்லாருந்தா நானும் நல்லாருக்கேன்னு எழுதிக்குங்க. சரி, விஷயத்துக்கு வாங்க. என்ன கோளாறு?

லேப்: சாயங்கால ஏத்தம்.

குன்று: ...என்ன ஏத்தம்?

லேப்: உங்க குன்றுல காத்துல இருக்கிற பாதரசம் எப்பவும் ஒரே அளவுதான்.

குன்று: தெரியுமே. ஒரு வீடு நிறைய காத்தைப் பிடிச்சு வடிகட்டினாலும் ஒரு தூசி தேறாது.

லேப்: ஆங். அந்த தூசியைத்தான் நாம அளக்கறோம். ஆனா சாயங்காலமானா மட்டும் திரையில கோடு சட்டுனு மேல ஏறும். கொஞ்ச நேரம் அங்கயே நிக்கும். அப்புறம் ஒண்ணும் தெரியாத மாதிரி கீழ வந்துடும். பல மாசமா இதே கதை.

குன்று: பல மாசமாவா? அப்போ இத்தனை மாசம் ஏன் வாயைத் திறக்கல?

லேப்: இப்போ திறந்துட்டேன்ல.

குன்று: நல்லா திறந்தீங்க போங்க. நான் டீ போட தண்ணி வச்சிருந்தேன். இருங்க, ஸ்டவ்வை அணைச்சிட்டு வரேன்... ம், சொல்லுங்க. இப்போ என்ன திடீர்னு?

லேப்: மேலிடத்துல எல்லா நிலையத்தையும் சலிச்சுப் பாக்கறாங்கண்ணே. எந்த இடத்து அளவை நம்பலாம், எதை நம்பக் கூடாதுன்னு. ஒவ்வொரு இடத்துக்கும் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பணும்.

குன்று: போடுங்க. பேனா இல்லையா?

லேப்: காரணம் தெரியாத ஏத்தத்தை வச்சுக்கிட்டு எப்படிப் போடறது? இந்த இடத்தை நம்ப முடியாதுன்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க.

குன்று: முடிச்சா?

லேப்: மிஷினை எடுத்து வேற எங்கயாவது வைப்பாங்க.

குன்று: என்னை?

லேப்: உங்களை... ஆபீஸ்ல ஸ்டோர் ரூமுக்குன்னு பேசிக்கிட்டாங்க.

குன்று: அந்த ஜன்னல் இல்லாத ரூமா? அதுல எலியே இருக்க மாட்டேங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க!

லேப்: சொன்னேன்.

குன்று: அது போகட்டும்... நான் எங்க தங்கறது? இங்க ஒரு கட்டில் இருக்கு, ஒரு ஸ்டவ் இருக்கு, கதவைச் சாத்தினா என் வீடு. கீழ வந்தா மருமகன் வீட்டு ஹால்லதான் படுக்கணும், சோபாவுல.

லேப்: மருமகன் தங்கமானவர்னு சொல்வீங்களே.

குன்று: தங்கமானவர்தான். அதான் கஷ்டமே. தங்கமான மனுஷன் வீட்டுல இருமறதுக்குக்கூட யோசிக்கணும். கெட்டவனா இருந்தா நாலு திட்டு திட்டிட்டு ஜம்முனு கால் நீட்டிப் படுக்கலாம்.

லேப்: ஹ்ம்... உங்க வீட்டம்மா அங்கதானே இருக்காங்க. கூட இருக்கலாமே.

குன்று: இருக்கா. பேத்தி பொறந்தப்போ ரெண்டு மாசம்னு சொல்லிட்டுப் போனா. இப்போ பேத்தி ஸ்கூல் பையைத் தூக்கிக்கிட்டு ஓடறா. அவ ரூம்ல அவளும் பேத்தியும் படுத்துப்பாங்க. நடுவுல நான் எங்க போயி நுழையறது... மேடம், ஸ்டேஷனை மட்டும் எடுக்க விடாதீங்க. என்ன பாக்கணும்னு சொல்லுங்க, பாத்துடறேன். போல்ட்டு போல்ட்டா கழட்டச் சொன்னாலும் கழட்டறேன்.

லேப்: ஒண்ணும் கழட்ட வேணாம். ஒவ்வொண்ணாக் கேக்கறேன், மறைக்காம பதில் சொல்லுங்க. போதும்.

குன்று: மறைக்கறதா? நானா? கேளுங்க.

லேப்: முதல்ல உங்க ரெண்டு பசங்க.

குன்று: பெரியவனும் சின்னவனுமா? அவனுங்க மேல கை வைக்காதீங்க. ரெண்டும் சொக்கத் தங்கம்.

லேப்: மிஷினுக்குள்ள இருக்கற தங்கச் சல்லடைன்னா தங்கமாத்தான் இருக்கும். காத்துல வர்ற பாதரசத்தைத் தங்கம் பிடிச்சு வச்சுக்கும். பெரியவன் பிடிக்கறப்போ சின்னவனைச் சூடு பண்ணி, நீ எவ்ளோ பிடிச்சேன்னு கேக்கறோம். அப்புறம் மாத்தி.

குன்று: ரெண்டு பேருல ஒருத்தன் பொய் சொன்னா இன்னொருத்தன் காட்டிக் குடுத்துருவான். இதை எனக்குச் சொல்லித் தர்றீங்களா?

லேப்: இல்ல, வரிசையாப் போறேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஏறறாங்க. அப்போ சல்லடையில கோளாறு இல்ல.

குன்று: ஆமா.

லேப்: பாதரசமே இல்லாத காத்தைக் குடுத்துப் பாத்தோம். ரெண்டும் பூஜ்யம்னு சொன்னாங்க.

குன்று: ம்.

லேப்: நாமளே அளந்து ஒரு துளி ஆவியை உள்ள விட்டுப் பாத்தோம். விட்டதை அப்படியே திருப்பிச் சொன்னாங்க.

குன்று: என் பசங்க பொய் சொல்ல மாட்டானுங்க மேடம்.

லேப்: அப்போ என்ன அர்த்தம்? சாயங்காலம் நிஜமாவே அங்க பாதரசம் வருது.

குன்று: ...கீழ ஊர்ல ஒரு பட்டறை இருக்கே. பழைய ட்யூப்லைட்டை உடைக்கிறாங்களே. அங்கேருந்து வருதோ?

லேப்: நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஆனா அது உங்களுக்கு மேற்க. காத்து கிழக்கேருந்து வந்தாலும் ஏறுது. கொட்டற மழையிலயும் ஏறுது. பட்டறை மூடியிருந்த நாள்லயும் ஏறுது.

குன்று: நல்லவேளை. நாலு பேரு பொழப்பு அதுல ஓடுது. அவங்க மேல போட்டு விட்டுடாதீங்க.

லேப்: அப்போ பக்கத்துலேருந்துதான் வரணும். ரூம்ல தர்மாமீட்டர் இருக்கா, பழசு, கண்ணாடியில செஞ்சது?

குன்று: மிஷின் வந்த அன்னைக்கே கீழ அனுப்பிட்டேன். காய்ச்சல் வந்தா இப்போ கையாலதான் தொட்டுப் பாத்துக்கறேன். என் நெத்தியை நானே. அதுல என்ன தெரியும் சொல்லுங்க, கையும் சுடுது, நெத்தியும் சுடுது.

லேப்: காய்ச்சலா? எப்போ?

குன்று: பேச்சுக்குச் சொன்னேன்.

லேப்: ...உடைஞ்ச ட்யூப்லைட்டு?

குன்று: கிடையாது. எல்லாம் புது பல்பு.

லேப்: பெயிண்ட் டப்பா? முகத்துக்குப் போடற க்ரீம்? சிலதுல பாதரசம் கலக்கறாங்க.

குன்று: என் மூஞ்சிக்கு க்ரீமா? யாரு பாக்கறதுக்கு, காக்காயா? மேடம், இங்க முகம் பாக்கற கண்ணாடிகூட வச்சுக்கல. பழைய கண்ணாடி பின்னாடி பாதரசம் பூசியிருப்பாங்கன்னு யாரோ சொன்னாங்க, தூக்கிக் குடுத்துட்டேன். ஷேவிங் பண்றது தண்ணி பக்கெட்டைப் பாத்துதான்.

லேப்: அவ்வளவு ஜாக்கிரதையா இருக்கீங்க.

குன்று: இல்லேன்னா? மிஷினோட கம்பத்தைச் சுத்தியும் தரையில மஞ்சள் கோடு போட்டு வச்சிருக்கேனே, அது எதுக்கு? கம்பத்துல காத்து உள்ள போற அந்த வாய்ப் பக்கம் ஈ காக்கா வரக்கூடாதுன்னுதான். ஆட்டுக்காரர் ஒரு நாள் கோட்டுல கால் வச்சார். போட்ட சத்தத்துல அந்த மனுஷன் ஆடுங்களை விட்டுட்டு ஓடிட்டார்.

லேப்: பாவம்.

குன்று: பாவம்தான். அப்புறம் கூப்பிட்டு டீ குடுத்தேன். கோட்டுக்கு வெளிய உக்கார வச்சு.

லேப்: அப்போ கோட்டுக்குள்ள யாரும் வர்றதில்ல.

குன்று: யாரும் வர்றதில்ல.

லேப்: நீங்க?

குன்று: ...நான் வேலையா போவேன். வாய் மேல இருக்கற தொப்பியைத் துடைக்க, சிலந்தி கூடு கட்டியிருந்தா எடுக்க.

லேப்: சாயங்காலம்?

குன்று: காலையிலதான் துடைப்பேன்.

லேப்: அண்ணே, நீங்க லீவுல போனீங்கல்ல, பேத்தி பொறந்த நாளுக்கு?

குன்று: போனேன்.

லேப்: நீங்க இல்லாத ஒரு நாள்லகூட அந்த ஏத்தம் இல்ல.

குன்று: அப்படியா... பதிலுக்கு வந்த பையன் நல்லாப் பாத்துக்கிட்டான் போல.

லேப்: கதை விடாதீங்க.

குன்று: நான் என்ன கதை விட்டேன்? கேட்டதுக்குப் பதில் சொல்றேன்.

லேப்: அதே கம்பத்துல கரியமில வாயுவை அளக்கற மிஷின் ஒண்ணு இருக்கு, மறந்துட்டீங்களா? பாதரசம் ஏறற அதே நேரத்துல அதுவும் ஏறுது. பாதரசம் இறங்கினா அதுவும் இறங்குது. கரியமில வாயு எதுலேருந்து வரும்?

குன்று: வண்டி... நெருப்பு...

லேப்: அப்புறம்?

குன்று: ...மூச்சு.

லேப்: ம்.

குன்று: சரி மேடம். வசமா வளைச்சுட்டீங்க. நான்தான் நின்னேன்.

லேப்: கோட்டுக்குள்ளயா?

குன்று: உள்ளதான். கம்பத்துல சாஞ்சுக்கிட்டு. நானே போட்ட கோடு, நானே தாண்டினேன், போதுமா? செல்போனுக்கு இந்தக் குன்றுல வேற எங்கயும் சிக்னல் கிடைக்கல. ரூம்ல இல்ல, படியில இல்ல, பாறை மேல ஏறி நின்னாலும் இல்ல. அந்தக் கம்பத்தடியில மட்டும் பளிச்சுனு வருது. நான் என்ன பண்றது சொல்லுங்க? இந்த ஆபீஸ் லைன் உங்க லேபைத் தாண்டி எங்கயும் போகாது.

லேப்: கோவிச்சுக்காதீங்க.

குன்று: கோவம் இல்ல. ஆனா ஒண்ணு புரியல. மூச்சு விட்டா கரியமில வாயு ஏறும், சரி. பாதரசம் ஏன் ஏறணும்? நான் என்ன தர்மாமீட்டரையா முழுங்கினேன்?

லேப்: உங்களுக்குப் பல்லு அடைச்சிருக்கா?

குன்று: என்னது?

லேப்: சொத்தைப் பல்லு. டாக்டர்கிட்ட போயி அடைச்சிருக்கீங்களா?

குன்று: ஏன் இல்ல? கடைவாய்ல ரெண்டு பக்கமும், மேலயும் கீழயும். சின்ன வயசுல வெல்லத்தைத் திருடித் திருடித் தின்ன புண்ணியம். ஒரு டாக்டர் வெள்ளியை வச்சு அடைச்சார். இத்தனை வருஷமாச்சு, ஆடல அசங்கல.

லேப்: அது வெறும் வெள்ளி இல்லண்ணே. அதுல பாதி பாதரசம்.

குன்று: பாதியா?

லேப்: பாதி.

குன்று: அடக் கடவுளே! தர்மாமீட்டரை அனுப்பினேன், கண்ணாடியை அனுப்பினேன், ஆட்டுக்காரரைத் துரத்தினேன்... பாதரசத்தை நானே வாய்க்குள்ள வச்சுக்கிட்டா சுத்திக்கிட்டு இருந்தேன்!

லேப்: சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வருது.

குன்று: சிரிக்காம என்ன பண்றது? திருடனைப் பிடிக்க விளக்கைத் தூக்கிக்கிட்டு நாலு தெரு சுத்தினேன், கடைசியில திருடன் நானே. உடம்புக்கு ஏதாவது...?

லேப்: பயப்படாதீங்க, மூச்சுல வர்றது ரொம்பக் கொஞ்சம். பல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, அவ்ளோதான். ஆனா ஒரு வீட்டுக் காத்துல தூசியைத் தேடற மிஷினுக்கு, உங்க வாயி புயல் மாதிரி. அதுவும் ஏதாவது மென்னுக்கிட்டே பேசினா இன்னும் கூடும்.

குன்று: சூயிங்கம்! சிகரெட்டை விட்டதுலேருந்து அதுதான். போன் பேசினா கை தானா சட்டைப் பைக்குப் போயிடும்.

லேப்: அதான் அப்படி எகிறியிருக்கு.

குன்று: மேடம், அப்போ காரணம் கிடைச்சிடுச்சுல்ல? பேரையும் போட்டு எழுதிடுங்க. நிலையத்துக்காரர் பல்லுன்னு எழுதுங்க, எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. ஸ்டேஷன் தப்பிச்சுதுல்ல?

லேப்: எழுதலாம். ஆனா இனிமே ஏறக் கூடாதே.

குன்று: ஏறாது. அதுக்கு நான் பொறுப்பு.

லேப்: எப்படிச் சொல்றீங்க?

குன்று: நான் அங்க போறதை விட்டுட்டேன்.

லேப்: விட்டுட்டீங்களா? இனிமே விடுவீங்களா?

குன்று: விட்டாச்சு. கொஞ்ச நாளாச்சு.

லேப்: அப்போ வீட்டம்மாவோட எங்கேருந்து பேசறீங்க?

குன்று: ...அவளே கூப்பிடுவா.

லேப்: கூப்பிட்டா எங்க எடுப்பீங்க? சிக்னல் அங்கதானே இருக்கு?

குன்று: என்ன மேடம், போலீஸ் மாதிரி தோண்டறீங்க? ஏத்தத்துக்குக் காரணம் கேட்டீங்க, சொல்லிட்டேன். குடும்பக் கதை எல்லாம் அறிக்கையில வராதுல்ல?

லேப்: வராது.

குன்று: அப்புறம் என்ன?

லேப்: ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.

குன்று: சும்மாவா... இந்த லைன்ல யாரும் சும்மா கேட்டதில்லையே.

லேப்: வேணாம்னா விடுங்கண்ணே.

குன்று: ...

லேப்: அண்ணே, வச்சுடாதீங்க.

குன்று: வைக்கல. இங்க மேகம் இறங்குது. அதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். உங்க பக்கம் எல்லாரும் கிளம்பிட்டாங்களா? சத்தமே இல்ல.

லேப்: கிளம்பிட்டாங்க. வாட்ச்மேன் மட்டும் கீழ இருக்கார்.

குன்று: உங்களுக்கு வீட்டுக்குப் போக நேரமாகலையா?

லேப்: வீட்டுல யாரு காத்துக்கிட்டு இருக்கா? ஃப்ரிட்ஜ் ஒண்ணுதான் கொர்ர்னு கூப்பிடும். நீங்க சொல்லுங்க.

குன்று: சொல்றதுக்கு என்ன இருக்கு... முதல்ல எல்லாம் அவ நிறைய பேசுவா மேடம். குழந்தை குப்புற விழுந்தது, பல்லு முளைச்சது, மருமகன் சட்டையில கஞ்சி துப்பினது. நான் ம் ம்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். இங்க என்ன விசேஷம்னு கேப்பா. மேகம் வந்துச்சு, போச்சுன்னு சொல்லுவேன். அதுக்கே சிரிப்பா.

லேப்: ம்.

குன்று: அப்புறம் குழந்தை வளந்துருச்சு. டியூஷன், டான்ஸ் கிளாஸ்னு அவளுக்கும் ஓட்டம். நான் கூப்பிடற நேரம் அங்க அடுப்படி நேரம். சாப்டியா, சாப்டேன். நீங்க சாப்டீங்களா, சாப்டேன். தூங்கினியா... வேற என்ன கேக்கறதுன்னு எனக்கும் தெரியல. கேட்டதையே கேப்பேன். வைக்க மனசு வராம.

லேப்: எல்லா வீட்டுலயும் அப்படித்தானே.

குன்று: அன்னைக்கு வச்சுடறேன்னு சொன்னா. சரின்னேன். போனை வச்சுட்டோம்னு நெனச்சுட்டா போல, லைன் கட் ஆகல. நானும் காதுலேருந்து எடுக்கல. எடுத்திருக்கலாம்.

லேப்: என்ன கேட்டுச்சு?

குன்று: மக யாரும்மான்னு கேக்கறா. இவ, வேற யாரு, அந்த மனுஷனுக்கு வேற வேலை இல்ல, தெனம் இதே நேரத்துல கூப்பிட்டு இதே நாலு கேள்வின்னு சொன்னா. கோவமாச் சொல்லல மேடம். கோவமாச் சொல்லியிருந்தா பரவாயில்ல, திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அலுத்துப்போயி சொன்னா. அடுப்புல பால் பொங்குது பாருன்னு சொல்ற மாதிரி சாதாரணமா.

லேப்: அவங்க உங்க காதுல விழும்னு நெனச்சிருக்க மாட்டாங்க.

குன்று: அதான் சொல்றேன். நிஜத்தைத்தானே சொல்லியிருக்கா. அதுலயும் தப்பு என்ன? வேற வேலை எனக்கு இல்லதான். இருக்கற வேலையும் காத்துக்கு காவல்.

லேப்: அப்படிப் பேசாதீங்க.

குன்று: சரி, நாம தொந்தரவு பண்ண வேணாம். அவளுக்கா தோணறப்போ கூப்பிடட்டும்னு நிறுத்திட்டேன்.

லேப்: கூப்பிட்டாங்களா?

குன்று: வேலை இருக்கும். குழந்தைக்குப் பரீட்சை நேரம் வேற.

லேப்: அண்ணே... கூப்பிட்டாலும் உங்க போன்ல எப்படி வரும்? ரூம்லதான் சிக்னல் இல்லையே? அவங்க கூப்பிட்டு கூப்பிட்டு கிடைக்காம இருந்தா?

குன்று: அதெல்லாம் யோசிக்காமலா இருப்பேன்? போனைக் கம்பத்துல கட்டி வச்சிருக்கேன்.

லேப்: எதை?

குன்று: போனைத்தான். ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு, மழை படாம, வாய்க்குக் கொஞ்சம் கீழ. துணி காயப்போடற கயித்தால. காலையில துடைக்கப் போறப்போ சார்ஜ் ஏத்திக் கட்டிடுவேன். சத்தத்தைப் பெருசா வச்சிருக்கேன், அடிச்சா பாறை வரைக்கும் கேக்கும்.

லேப்: நீங்க?

குன்று: நான் கோட்டுக்கு வெளிய நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். சாயங்காலம் போனை ஆட்டிப் பாக்கறதுக்குக்கூட உள்ள போகல. சத்தியமா. அடிச்சா ஓடிப் போயி எடுக்கலாம்னு.

லேப்: தினமுமா?

குன்று: சாயங்காலம் மட்டும். பாதி நேரம் காக்கா வந்து அந்தப் பையைக் கொத்தும். விரட்டணும்ல, அதுக்கு ஒரு ஆள் வேணாமா? ...மேடம், அழறீங்களா?

லேப்: இல்ல. ஏசி ரொம்பக் குளிரா இருக்கு, மூக்கு ஒழுகுது.

குன்று: அதை அணைச்சுத் தொலைங்க. அங்க இருக்கற மிஷினுக்குக் குளிரணும்னு நீங்க ஏன் விறைச்சுப் போகணும்? ...போன்ல பாதரசம் ஒண்ணும் இல்லையே? அங்க கட்டி வச்சிருக்கறதால அளவு மாறாதுல்ல?

லேப்: மாறாது.

குன்று: அப்போ கையெழுத்துப் போட்டுடுவீங்கல்ல? நான் வாயைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கமே போக மாட்டேன். வேணும்னா பல்லைப் புடுங்கிடறேன். ஸ்டேஷன் மட்டும் இங்கயே இருக்கட்டும்.

லேப்: பல்லை எல்லாம் புடுங்க வேணாம். ஸ்டேஷன் எங்கயும் போகாது.

குன்று: உறுதியா?

லேப்: உறுதி. போன வாரமே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அவங்களும் ஏத்துக்கிட்டாங்க. நம்பகமான இடங்கள்ல உங்க குன்றுதான் முதல்ல இருக்கு.

குன்று: ...என்ன சொல்றீங்க?

லேப்: அந்த ஏத்தம் வந்த நேரத்தை எல்லாம் அன்னன்னைக்கே தனியா எடுத்து வச்சுட்டேன். பக்கத்துல ஆள் நின்னதால சேக்கலைன்னு குறிச்சு. மிச்ச நேரத்து அளவை மட்டும்தான் கணக்குல சேத்தேன். அது பளிங்கு மாதிரி இருக்கு. யாரும் ஒரு கேள்வி கேக்கல.

குன்று: அப்போ நான்தான் நிக்கறேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்.

லேப்: தெரியும்.

குன்று: பல்லும்?

லேப்: மிஷின் மாட்ட வந்தப்போ, பெரியவன் சின்னவன்னு நீங்க பேர் வச்சுட்டு வாயெல்லாம் பல்லா சிரிச்சீங்க. உள்ள பளபளன்னு இருந்துச்சு. முதல் தடவை ஏறினப்பவே அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்துச்சு.

குன்று: அப்போ கோட்டைத் தாண்டாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

லேப்: சொல்லியிருக்கணும். வேலையா பாத்தா அதுதான் சரி.

குன்று: ஏன் சொல்லல?

லேப்: சொன்னா நீங்க பேச வேற இடம் இல்லையே.

குன்று: இருங்க. எனக்குக் கோவம் வருது, வரட்டும். ஸ்டோர் ரூம்னு சொல்லி பயமுறுத்தினீங்களே, அது எதுக்கு? இங்க நான் கட்டில்ல உக்காந்துட்டேன் தெரியுமா?

லேப்: தப்புதான். மன்னிச்சிருங்க. சும்மா கூப்பிட்டா, எல்லாம் நல்லாருக்கு மேடம்னு ஒரு வார்த்தையில வச்சிருப்பீங்க. கோளாறுன்னு சொன்னாத்தான் லைன்ல நிப்பீங்க.

குன்று: ...அது நெஜம்தான். போன மாசம் பம்பு சத்தம் போடுதுன்னு உங்களைக் கூப்பிட்டேனே...

லேப்: ஆமா, ரொம்ப நேரம் பேசினோமே.

குன்று: பம்பு நல்லாத்தான் இருந்துச்சு.

லேப்: தெரியும். இங்க திரையில பம்பு ஓடறதும் தெரியும்.

குன்று: அட ராமா! இந்தப் பொம்பளைகிட்ட ஒண்ணையும் ஒளிக்க முடியாது போலிருக்கே. சரி, விடுங்க, ரெண்டு பேரும் திருடங்கதான். ஆனா இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மிஷின்ல கோளாறு இல்ல, கையெழுத்தும் போயாச்சு, ஸ்டேஷனும் இருக்கு. பின்ன இன்னைக்கு என்னை எதுக்குத்தான் கூப்பிட்டீங்க?

லேப்: எல்லாரும் கிளம்பினப்புறம் திரையில உங்க கோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஏறினா, சரி, அண்ணன் வீட்டம்மாவோட பேசிக்கிட்டு இருக்காருன்னு விளக்கை அணைச்சிட்டு நானும் கிளம்புவேன். முன்னாடி அகலமா ஏறும். அப்புறம் வர வர ஒல்லியாச்சு.

குன்று: அதையும் பாத்தீங்களா...

லேப்: ஒல்லியானாலும் வரும். இப்போ கொஞ்ச நாளா ஏத்தமே இல்ல, காத்து சுத்தமா இருக்குண்ணே. அந்தக் குன்றுல இவ்ளோ சுத்தமான காத்தை நான் பாத்ததே இல்ல. இன்னைக்கும் அப்படியே இருந்துச்சா... பயந்துபோயிக் கூப்பிட்டேன்.